நீராவி டக் கப்பலை ஓடும் நிலையிலேயே காப்பாற்றுவது: சேலத்திலிருந்து ஒரு கேள்வி

லேத் பட்டறை, அம்மாபேட்டை:

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறிகளுக்கும் சவ்வரிசி ஆலைகளுக்கும் உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை எங்களுடையது. கப்பல் உடைக்கும் இடங்களிலிருந்து வரும் இரும்புத் தண்டுகளையும் தகடுகளையும் எப்போதாவது வாங்குவதோடு கடலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. ஆனால் பழைய இயந்திரம் எதுவாக இருந்தாலும் அதன் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் விட மனம் வராது.

இங்கிலாந்தில் 1903-இல் கட்டப்பட்ட 'டேனியல் ஆடம்சன்' என்னும் நிலக்கரி நீராவி டக் கப்பலை, அதாவது மற்றக் கப்பல்களைக் கட்டி இழுக்கும் இழுவைக் கப்பலைப் பற்றி அண்மையில் படித்தேன். உடைப்புக்குப் போகவிருந்த அதை 2004-இல் ஒரு டக் கப்பல் ஓட்டி ஒரே ஒரு பவுண்டு விலைக்கு வாங்கியதாகவும், தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்த பிறகு 2015-இல் லாட்டரி நிதியத்திலிருந்து 38 லட்சம் பவுண்டு மானியம் கிடைத்து, 2016-இல் அது மீண்டும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியதாகவும் அந்தக் கட்டுரை சொல்கிறது. ஒரு பவுண்டுக்கு வாங்கிய பொருளுக்கு அவ்வளவு பணம் எதில் செலவாகியிருக்கும் என்பதுதான் என் முதல் கேள்வி. பெரிய பயணிகள் கப்பல்களையும் போர்க்கப்பல்களையும் விட்டுவிட்டு, துறைமுகத்தில் இழுவை வேலை செய்த ஒரு கப்பலைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு பேர் முன்வருகிறார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி கொஞ்சம் சுயநலமானது. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் இருக்கும் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு இத்தகைய வேலையில் ஏதாவது இடம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஓய்வுபெற்ற கடற்பொறியாளர், ஏற்காடு:

தம்பி, வணக்கம். வேலைக் காலம் முழுவதும் கப்பல்களின் இயந்திர அறையில் கழித்துவிட்டு இந்த மலைமேல் வந்து குடியேறியவன் நான். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான விடையிலேயே வரலாறும் அடங்கியிருக்கிறது.

நீராவி முதன்முதலில் தண்ணீரில் உருப்படியாகச் செய்து காட்டிய வேலையே இழுவை வேலைதான். வில்லியம் சிமிங்டன் வடிவமைத்த 'சார்லட் டண்டாஸ்' 1803-ஆம் ஆண்டு மார்ச்சில் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் - கிளைடு கால்வாயில், எதிர்க்காற்றில் மற்றப் படகுகள் அசைய முடியாமல் நின்ற நாளில், 70 டன் பாரம் கொண்ட இரண்டு படகுகளை ஏறத்தாழ இருபது மைல் தொலைவுக்கு இழுத்துச் சென்றது. கரை அரித்துவிடும் என்று கால்வாய் உரிமையாளர்கள் அஞ்சியதால் அந்தக் கப்பல் கைவிடப்பட்டது வேறு கதை. நம் நாட்டிலும் நீராவிக் கப்பலின் தொடக்க வேலை ஏறக்குறைய இழுவைதான். பாய்மரக் கப்பல்கள் ஹூக்ளி ஆற்றின் மணல்திட்டுகளுக்கும் நீரோட்டத்துக்கும் இடையில் கல்கத்தா வரை ஏறிவருவது பெரும்பாடாக இருந்ததால், அங்கே நீராவி இழுவைக் கப்பல்கள் மிக முன்பே வந்துவிட்டன. 'ஃபோர்ப்ஸ்' என்னும் கல்கத்தா டக் 1830-இல் 'ஜேம்சினா' என்ற பாய்க்கப்பலை இழுத்துக்கொண்டு அபின் சரக்கோடு சீனாவுக்கே புறப்பட்டது. அதன் பெருமை அந்தச் சரக்கால் கெட்டுப்போகிறது என்பது என் கருத்து.

டிரஃபால்கர் கடற்போரில் பங்கேற்ற 'டெமரேர்' என்னும் போர்க்கப்பலை உடைப்பதற்காக நீராவி டக் இழுத்துச் செல்வதை ஆங்கில ஓவியர் டர்னர் 1839-இல் ஓவியமாகத் தீட்டினார். உண்மையில் இழுத்தவை இரண்டு. ஓவியர் ஒன்றை விட்டுவிட்டார். அந்த ஓவியத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் பின்னால் வரும் பாய்க்கப்பலுக்காக இரங்குகிறார்கள். முன்னால் புகை கக்கிக்கொண்டு போகும் கறுப்புப் படகின் மேல்தான் என் கண் நிற்கும்.

வடிவமைப்பும் கவனிக்கத் தக்கது. டக் என்பது ஓர் இயந்திரத்தைச் சுற்றி, அதைத் தாங்கும் அளவுக்கு மட்டும் கட்டப்பட்ட கப்பல். சரக்கறை கிடையாது; உள்ளே போனால் கொதிகலன், இயந்திரம், நிலக்கரி அறை ஆகியவையே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். கப்பலைத் தள்ளும் சுழலி (புரொப்பெல்லர்) பெரிதாகவும் மெதுவாகச் சுற்றுவதாகவும் இருக்கும். இழுவைக் கொக்கி, நீங்கள் நினைப்பது போலக் கப்பலின் பின்விளிம்பில் இராது. நடுப்பகுதிக்குச் சற்றே பின்னால் இருக்கும். பின்விளிம்பில் கட்டினால் கயிற்றின் இழுப்பில் சுக்கான் செயலற்றுப் போய், திரும்பவே முடியாது. நடுவில் கட்டுவதால் திரும்ப முடிகிறது. ஆனால் இழுபடும் பெரிய கப்பல் வேகமெடுத்து டக்கை முந்திவிட்டால், கயிறு பக்கவாட்டில் இழுத்து அதைக் கவிழ்த்துவிடும். கயிற்றை ஒரே அடியில் விடுவிக்கும் கொக்கி இதற்காகத்தான் வந்தது. இந்த வேலையில் இறந்த மாலுமிகள் எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு.

இனி, இவை எப்படித் தப்பின என்பது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள 'ஹெர்குலிஸ்' 1907-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் கட்டப்பட்டது. அப்போது பனாமா கால்வாய் இல்லை. ஆகவே தன் உடன்பிறப்பான 'கோலையா'வையும் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு, தென் அமெரிக்காவின் தென்கோடியில் மெகல்லன் நீரிணை வழியாகச் சுற்றி மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. பிறகு பனாமா கால்வாய் கட்டுமானப் பணிக்கும் உதவியது. கடைசிக் காலத்தில் ரயில் பெட்டிகளைச் சுமந்த மிதவைகளை வளைகுடாவில் இழுத்தது. 1962-இல் ஓய்வு பெற்றபோதும் கட்டியபோது பொருத்திய அதே மும்மடி விரிவு நீராவி இயந்திரம் (ஒரே நீராவியை மூன்று கட்டங்களாக விரியவிட்டு வேலை வாங்குவது) அதனுள்ளேயே இருந்தது. பயணிகள் கப்பல்களை முதலாளிகள் நாகரிகத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே இருப்பார்கள். டக் கப்பலைத் தொட மாட்டார்கள், ஏனென்றால் ஒரு நாள் நிறுத்தினாலும் ஒரு நாள் வருமானம் போய்விடும். டீசலும், எந்தத் திசையிலும் தள்ளக்கூடிய புதிய சுழலிகளும் வந்தபோது, பழைய டக்குகள் இயந்திரம் கெடாத நிலையிலேயே வேலையை இழந்தன. காப்பாற்றத் தகுந்த நிலையில் அவை மிஞ்சியதற்கு இதுவே காரணம்.

கொதிகலன் பராமரிப்பு, சூரமங்கலம்:

பணம் எதில் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். கப்பலை நான் அறியேன், கொதிகலனை அறிவேன். எனவே என் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

இத்தகைய கப்பல்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்காட்ச் வகைக் கொதிகலன். பெரிய உருளை, அதன் அடிப்பகுதியில் உலைக்குழாய்கள், பின்னால் எரியறை, அங்கிருந்து புகை முன்னோக்கித் திரும்பிவரப் பல சிறு குழாய்கள் என்று அமைந்திருக்கும். எடையும் நீரின் அளவும் மிக அதிகம். குளிர்ந்த நிலையிலிருந்து அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால், மேல்பகுதி சூடேறி விரிந்தும் அடிப்பகுதி குளிர்ந்தும் இருக்கும். அந்த வேறுபாட்டில் இணைப்புகள் கசியத் தொடங்கும். எனவே ஒரு நாள் முழுவதும் மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள். பயணிகளை ஏற்றி இரண்டு மணி நேரம் ஓட்டுவதற்கு முந்தின நாளே ஆட்கள் நெருப்பருகே காத்திருக்க வேண்டும். அந்த நிலக்கரியையும் உழைப்பையும் கணக்கிட்டால், டிக்கெட் விற்று லாபம் பார்க்கும் தொழில் இதில்லை என்பது விளங்கும்.

நூறாண்டுக் கொதிகலனுக்குத் தகுதிச் சான்று பெறுவதும் எளிதன்று. தகட்டுக் கனம் அளக்க வேண்டும். தேய்ந்த புகைக்குழாய்களைப் பிடுங்கிப் புதியவற்றைச் செருகி, முனைகளை விரித்துப் பொருத்த வேண்டும். வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் தண்ணீரை நிரப்பிச் சோதிக்க வேண்டும். நீராவியால் சோதிக்காமல் தண்ணீரால் சோதிப்பதற்குக் காரணம், தண்ணீர் அழுத்தப்பட்டாலும் அதில் தேங்கும் ஆற்றல் மிகக் குறைவு; ஏதாவது பிளந்தால் கசிவோடு நின்றுவிடும், வெடிக்காது.

ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். ஓடாமல் நிற்கும் கொதிகலன் ஓடும் கொதிகலனைவிட விரைவாகக் கெடும். பாதி நீரோடு காற்றும் புகுந்து நின்றால் நீர்க்கோட்டருகே குழிகள் விழும். ஒன்று, முற்றிலும் வடித்து உலர்த்தி மூட வேண்டும். அல்லது, காற்றே இல்லாமல் மருந்திட்ட நீரால் விளிம்புவரை நிரப்ப வேண்டும். நம் பக்கத்து ஆலைகளில் சீசன் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

ஓய்வுபெற்ற கடற்பொறியாளர், ஏற்காடு:

மேலே சொன்னவர் கொதிகலனை மிகச் சரியாகச் சொல்லிவிட்டார். ஆயினும் 38 லட்சம் போன்ற தொகைகளைப் பற்றிப் பேசும்போது என் பார்வையில் முதல் இடம் உடற்கூட்டுக்குத்தான். இயந்திரம் பழுதானால் கப்பல் நிற்கும். உடற்கூடு பழுதானால் மூழ்கும்.

நீராவி டக்கில் மிக மோசமாக அரிக்கும் இடங்கள் வெளியே தெரிவதில்லை. நீர்மட்டக் கோட்டருகே தகடு மாறி மாறி நனைந்து காய்வதால் அரிப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் நிலக்கரி அறையின் அடியில், ஈரக் கரியில் உள்ள கந்தகம் அமிலமாகித் தகட்டை உள்ளிருந்து தின்னும். கொதிகலனுக்கு அடியில் சூடும் ஈரச் சாம்பலும் சேர்ந்து அதே வேலையைச் செய்யும். கொதிகலனைத் தூக்கினால் ஒழிய அங்கே கையை விடவே முடியாது. பழைய கட்டுமானத்தில் அடித்தளத்தில் சிமெண்ட் பூசியிருப்பார்கள், அதன் கீழே என்ன இருக்கிறது என்பது உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவசரத்தில், தேய்ந்த தகட்டின் மேல் இன்னொரு தகட்டை வைத்துப் பற்றவைத்துவிடுவதும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கினால் முன்பைவிட மோசமாகும். இதைச் செய்துவிட்டு 'புதுப்பித்தோம்' என்று பலகை மாட்டும் குழுக்கள்மீது எனக்கு மரியாதை இல்லை.

நம் நாட்டில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். 1997-இல் ஓய்வு பெற்று மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக நின்றது. பாதுகாப்புக் காரணங்களால் 2012-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 2014-இல் ஏலத்தில் போய் உடைக்கப்பட்டது. விசாகப்பட்டினத்துக் குர்சுரா நீர்மூழ்கியோ கடற்கரை மணலுக்கு இழுத்து ஏற்றப்பட்டு 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. தண்ணீரில் வைத்துக் காப்பதற்கு கப்பலை நீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் உலர்துறைச் செலவு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அதற்கு வழி செய்யாமல் கப்பலை மட்டும் வாங்கிவிடக் கூடாது.

லேத் பட்டறை, அம்மாபேட்டை:

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விளக்கமான பதில்களை எதிர்பார்க்கவில்லை. படித்தபோது இரண்டு ஐயங்கள் தோன்றின. சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு கிடைக்கிறதே, அடித்தகடுகளையும் ரிவெட்டுகளையும் அதிலேயே செய்துவிட்டால் இந்த அரிப்புத் தொல்லை ஒரேயடியாகத் தீர்ந்துவிடாதா? மற்றொன்று, உப்புநீர்தான் எதிரி என்றால், இப்படிப்பட்ட கப்பல் ஒன்றை மேட்டூர் அணையின் நன்னீரில் நிறுத்தி வைக்க முடியாதா? சுற்றுலாப் பயணிகளும் வருவார்கள்.

மேட்டூர் வாசகர்:

மேட்டூர் பற்றி மட்டும் சொல்கிறேன். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் 120 அடி. ஜூன் 12-இல் டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். காவிரியில் வரத்து குறைந்த ஆண்டுகளில் மட்டம் எவ்வளவு கீழே போகும் என்பது நம் மாவட்டத்தார் அனைவரும் அறிந்ததே. பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரிகிறது என்று செய்தித்தாளில் படம் வரும் கோடையில், அண்ணன் சொல்லும் கப்பல் சேற்றில் சாய்ந்து கிடக்கும். இங்கே பரிசல்தான் சரி, தண்ணீர் போன பக்கம் தலையில் தூக்கிக்கொண்டு போகலாம்.

உலோகவியல் ஆசிரியை, கருப்பூர்:

துருப்பிடிக்காத எஃகு பற்றிய கேள்வி என் வகுப்பில் ஆண்டுதோறும் ஏதோ ஒரு வடிவில் வரும். அதற்கு இரண்டு பகுதிகளாக விடை சொல்ல வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேலுள்ள மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலம். கடல்நீரின் குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைக்கும். பாத்திரத்துக்குப் பயன்படும் சாதாரண வகையில் அந்தத் துளைகள் மேலே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கிவிடும். சீராகத் துருப்பிடிக்கும் சாதாரண எஃகின் மிச்ச ஆயுளைக் கனம் அளந்து கணிக்கலாம். குழி விழும் உலோகத்தில் அப்படிக் கணிப்பது கடினம். சிப்பிகள் ஒட்டிய இடத்திலும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கிலும் ஆக்சிஜன் எட்டாமல் போவதால் படலம் மீண்டும் உருவாகாது. ரிவெட் அடித்த பழைய கப்பலில் அத்தகைய இடுக்குகளே அதிகம்.

அடுத்தது, இரண்டு வேறு உலோகங்கள் கடல்நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது மின்கலமாகிவிடுகிறது என்பது. சாதாரண எஃகு கரையும், துருப்பிடிக்காத எஃகு காக்கப்படும். இங்கே பரப்பளவின் விகிதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரிய சாதாரணத் தகட்டில் சில துருப்பிடிக்காத ரிவெட்டுகள் இருந்தால் இழப்பு பெரிய பரப்பில் பரவிவிடும், ஓரளவு தாங்கும். நீங்கள் அடித்தகடுகளையே மாற்றிவிட்டு, இடையில் பழைய சாதாரண ரிவெட்டுகள் சில மிஞ்சினால், மொத்த மின்னோட்டமும் அந்தச் சிறிய தலைகளின் மேல் குவிந்து, அவை வியக்கத்தக்க வேகத்தில் காணாமல் போகும். பழைய கப்பலுக்குப் பழைய இனத்தை ஒத்த சாதாரணக் கப்பல் எஃகே பொருத்தம்.

இதே மின்கல விளைவை நன்மைக்கும் பயன்படுத்துகிறார்கள். வெண்கலச் சுழலி அருகில் இருப்பதால் எஃகு கரையுமே, அதைத் தடுக்கத் துத்தநாகக் கட்டிகளை உடற்கூட்டில் பொருத்துவார்கள். எஃகுக்குப் பதிலாக அவை கரையும், தேய்ந்ததும் மாற்றிவிடலாம். மின்கடத்தும் திறன் குறைந்த நன்னீரில் துத்தநாகம் போதாது, மக்னீசியம் தேவைப்படும். நம் ஊர் வெள்ளைக்கல் மக்னீசியத் தாதுதான் என்றாலும், அதைத் தோண்டுவது பெரும்பாலும் உலைச் செங்கல்லுக்காக. இதை மாணவர்களிடம் சொன்னால் ஏமாற்றமடைகிறார்கள்.

பற்றவைப்பைப் பற்றியும் ஒரு சொல். ரிவெட் அடித்த தகட்டருகே மின்பற்றவைப்புச் செய்தால், வெப்பத்தில் தகடு விரிந்து சுருங்கும்போது அருகிலுள்ள ரிவெட்டுகள் தளர்ந்து கசியத் தொடங்கும். ஓர் இடத்தை அடைக்கப் போய் நான்கு இடங்களைத் திறந்துவிடுவோம்.

ரயில்வே ஓய்வூதியர், ஜங்ஷன்:

உரையாடலைக் கவனித்து வருகிறேன். இவ்வளவு தகட்டையும் குழாயையும் மாற்றிய பிறகு அது அதே பழைய கப்பல்தானா என்ற கேள்வியை யாரும் கேட்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது. எங்கள் துறையில் இதற்கு நடைமுறை விடை ஒன்று உண்டு.

நீலகிரி மலை ரயில் 2007-இல் உருவான சேலம் கோட்டத்தின் கீழ்தான் ஓடுகிறது. பற்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் அதன் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. அவை மூப்படைந்தபோது பொன்மலைப் பணிமனை அதே வகை எஞ்சின்களைப் புதிதாகவே செய்து கொடுத்தது. முதலில் எண்ணெயில் எரிபவை, பின்னர் 2021-இல் நிலக்கரியில் எரியும் ஒன்றும் வந்தது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தப் பாதையின் மரபு இதனால் அழிந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை. மலையில் நீராவி எஞ்சினை ஓட்டும் திறமையும், அதைப் பழுதுபார்க்கும் திறமையும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தன. இரும்பை மாற்றலாம், எஞ்சின் ஓட்டுபவரும் நெருப்பிடுபவரும் ஒருமுறை இல்லாமல் போனால் அவர்களை எந்தப் பணிமனையும் செய்து தராது. எனவே டக் கப்பலும் ஓட வேண்டும் என்பதே என் கட்சி.

ஓய்வுபெற்ற கடற்பொறியாளர், ஏற்காடு:

ஐயா, திறமை தொடர வேண்டும் என்பதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்துக்காக 1935-இல் கட்டப்பட்ட 'வில்லியம் சி. டால்டி' என்னும் நிலக்கரி டக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1958-இல் துறைமுகப் பாலத்தின் பெருந்துண்டு ஒன்றை மிதவையில் கொண்டுவரும்போது பலத்த காற்று வீச, அதை அடித்துச் செல்ல விடாமல் 36 மணி நேரம் இழுத்துப் பிடித்து நின்ற கப்பல் அது. அதைப் பிற்காலத்தில் காத்து ஓட்டியவர்கள் தன்னார்வலர்களே. நெருப்பிடுவது அங்கே பயிற்சியாகக் கைமாறியது.

ஆனால் ரயில் எஞ்சினுக்கும் கப்பலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எக்ஸ் வகையில் பல எஞ்சின்கள் இருப்பதால் ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொண்டு மற்றொன்றை ஓட்டலாம். டக் பெரும்பாலும் தன் இனத்தில் எஞ்சிய ஒரே கப்பலாக இருக்கும். அதன் தகட்டில் உள்ள ஒவ்வொரு நசுங்கலும் ஏதோ ஒரு கப்பலின் பக்கத்தை முட்டித் தள்ளியபோது விழுந்தது. கயிறு உராய்ந்து தேய்ந்த வளைவுக் கம்பிகளில் பள்ளம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தே அது எந்தக் கோணத்தில் அதிகமாக இழுத்தது என்று சொல்லிவிடலாம். புதிய கம்பியை மாட்டியதும் அந்தச் சான்று குப்பைக்குப் போய்விடுகிறது. ஆகவே எதையும் அகற்றும் முன் அளவெடுத்துப் படம் வரைந்து, அகற்றியதை எண்ணிட்டுக் கரையில் வைக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை. அதற்கு இடமோ ஆளோ இல்லாத குழு, கப்பலை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதே மேல்.

எல்லாக் கப்பலும் ஒரே காலத்துக்குரியது என்றும் எண்ண வேண்டாம். சியாட்டிலில் உள்ள 'ஆர்தர் ஃபாஸ்' 1889-இல் 'வலோவா' என்ற பெயரில் மர உடற்கூட்டோடு, நீராவி இயந்திரத்தோடு பிறந்தது. 1934-இல் டீசலுக்கு மாறியது. 1941-இல் பசிபிக் கடலில் உள்ள வேக் தீவிலிருந்து ஜப்பானியத் தாக்குதலுக்குச் சற்று முன்பே வெளியேறித் தப்பியது. அதை 1889-இன் நிலைக்குத் திருப்புவதாகச் சொல்லி அந்த டீசலைக் கழற்றினால், அதன் வாழ்வில் பெரும்பகுதியை அழித்தவர்களாவோம். 'டேனியல் ஆடம்சன்' கூட 1936-இல் மாற்றியமைக்கப்பட்டபோதுதான் அந்தப் பெயரையும் இன்றைய உள்ளலங்காரத்தையும் பெற்றது; அதற்கு முன் அதன் பெயர் 'ரால்ஃப் புராக்கிள்பேங்க்'.

இனி, பட்டறைத் தம்பியின் மூன்றாவது கேள்வி. இதற்கு மிகச் சிறந்த விடை இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. பிரிட்டனுக்கு அவசரமாக நூற்றுக்கும் மேற்பட்ட சிறு டக்குகள் தேவைப்பட்டன, கப்பல் கட்டும் தளங்களோ மற்ற வேலைகளால் நிரம்பியிருந்தன. எனவே கப்பலையே கட்டியறியாத, கடலைவிட்டுத் தொலைவில் இருந்த இரும்புப் பட்டறைகளிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். உடற்கூட்டை எட்டுத் துண்டுகளாக்கி, வளைந்த தகடுகளை இயன்றவரை தவிர்த்து நேர்த்தகடுகளாலேயே வடிவமைத்து, லாரியில் ஏற்றக்கூடிய அளவில் ஒவ்வொரு துண்டையும் உள்நாட்டுப் பட்டறையில் செய்தார்கள். அவை பெரும்பாலும் டன்ஸ்டன் என்னும் கப்பல் கட்டும் நிறுவனத்தின் தளத்துக்குச் சாலை வழியே வந்து ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டன. 1943 முதல் இப்படி 182 கப்பல்கள் பிறந்தன. டிஐடி என்ற எழுத்துகளும் எண்ணும்தான் அவற்றின் பெயர். அவற்றில் சில இன்றும் காக்கப்படுகின்றன. அம்மாபேட்டையைப் போன்ற ஊர்களில் பிறந்த கப்பல்கள் என்றே அவற்றை நான் நினைப்பேன்.

இன்றைய பாதுகாப்பு வேலைக்கும் அது பொருந்தும். கப்பலை இடம் மாற்ற முடியாது, ஆனால் அதன் பம்பு, வால்வு, தாங்கி, கண்டென்சர் மூடி, சாம்பலை வெளியேற்றும் கருவி ஆகியவற்றைக் கழற்றி எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். உடைந்த வார்ப்படத்தைப் பார்த்து மர அச்சுச் செய்து, இரும்பு சுருங்கும் அளவைக் கூட்டி வார்த்து, கடைந்து பொருத்தக்கூடியவர்கள் பல துறைமுக நகரங்களில் அருகிவிட்டார்கள். வரைபடம் இல்லாமல் பழைய உதிரியை மட்டும் கையில் கொடுத்து 'இதைப் போலவே ஒன்று' என்று கேட்டால் செய்து தருபவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

லேத் பட்டறை, அம்மாபேட்டை:

எட்டுத் துண்டுச் செய்தியை என் பட்டறைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். லாரியில் ஏற்றும் அளவைக் கேட்டதும், நம்மிடம் உள்ள கிரேனின் திறன் என்ன என்று விவாதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. தகட்டுக் கனம் அளப்பது பற்றிப் பலரும் சொன்னீர்கள். கப்பல் உடைப்பிலிருந்து எங்களுக்கு வரும் தகடுகளும் பல அடுக்குச் சாயத்தோடுதான் வருகின்றன. மீயொலிக் கருவியை வைத்தால் சாயத்தையும் சேர்த்துக் கனமாகக் காட்டிவிடாதா?

உலோகவியல் ஆசிரியை, கருப்பூர்:

காட்டிவிடும், அதுவும் உண்மையான சாயக் கனத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். சாயத்தில் ஒலி எஃகைவிட மிக மெதுவாகச் செல்கிறது. கருவியோ எஃகின் வேகத்தை வைத்துக் கணக்கிடுவதால், ஒரு மில்லிமீட்டர் சாயத்தை இரண்டு மில்லிமீட்டருக்கும் மேலான எஃகாகக் காட்டக்கூடும். தேய்ந்த தகடு நல்ல தகடாகத் தோன்றுவது இதனால்தான். ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுரண்டி, பளபளப்பாகத் தேய்த்து, இடையில் காற்று இல்லாதபடி ஜெல் தடவி அளப்பது எளிய வழி. சாயத்தை எடுக்க முடியாத இடத்தில், எஃகின் அடிப்பரப்பிலிருந்து அடுத்தடுத்துத் திரும்பும் இரண்டு எதிரொலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மட்டும் அளக்கும் முறை உள்ள கருவியைக் கேட்டு வாங்குங்கள். அது சாயத்தைக் கணக்கில் சேர்க்காது. அடிப்பரப்பு மிகவும் குழி விழுந்திருந்தால் இரண்டாவது எதிரொலி சிதறி, கருவி எண்ணே காட்டாமல் நிற்கும். அப்படி நின்றால் அந்த இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

சோதித்துப் பழக ஒரு துண்டை இங்கே கொண்டுவந்தால் வகுப்பு முடிந்த பிறகு மாணவர்களை வைத்தே அளந்து காட்டுகிறேன்.